நைரோபியில் நாலு பேர், நாலு நாக்கு: எங்கே சாப்பிடுவது?

கேள்வி: அலுவலக வேலையாக நான்கு பேர் பத்து நாள் நைரோபி போகிறோம். தங்குவது வெஸ்ட்லேண்ட்ஸ் பகுதியில். ஒருவர் முட்டைகூடத் தொடாத சைவம், ஒருவருக்கு ஹலால் கட்டாயம், மற்ற இருவரும் எதையும் சாப்பிடுவோம். இந்திய ஓட்டலிலேயே முடங்கிவிடாமல் ஊர்ச் சாப்பாட்டையும் ருசி பார்க்க வேண்டும். எங்கே போகலாம்?

பதில்: நைரோபியில் கடைப் பெயர்களை எழுதி வைத்துக்கொண்டு அலைவதைவிட, எந்தப் பேட்டையில் யார் சமைக்கிறார்கள், எந்த நேரத்தில் அங்கே சாப்பாடு சூடாக இருக்கும் என்று தெரிந்துகொள்வது நல்லது. 1899-ல் ரயில் பாதை போட வந்தவர்களின் முகாமாகத் தொடங்கிய ஊர் இது. குஜராத்திகள், பஞ்சாபிகள், சோமாலியர், எத்தியோப்பியர், கடற்கரை ஸ்வாஹிலிகள், விக்டோரியா ஏரிப் பக்கத்து லுவோக்கள் எல்லோரும் தத்தம் அடுப்போடுதான் வந்து குடியேறினார்கள்.

முதலில் உங்கள் சைவ நண்பர். அவர் தடுக்கி விழப்போவது ‘ம்போகா’ என்ற ஒரு சொல்லில்தான். அகராதியில் அதற்குக் காய்கறி என்று பொருள். சாப்பாட்டு மேசையில் அது களிக்குத் தொட்டுக்கொள்ளும் எதையும் குறிக்கும், நம் ‘தொடுகறி’ மாதிரி. “ம்போகா மட்டும் கொடுங்கள்” என்று கேட்டுவிட்டுக் கறிக் குழம்பு வந்து நிற்கிறதே என்று கோபித்துப் பயனில்லை. “மிமி சிலி ந்யாமா, சிலி குகு, சிலி சமாகி, சிலி மயாயி” என்று மனப்பாடம் செய்துகொள்ளச் சொல்லுங்கள்: கறி, கோழி, மீன், முட்டை எதுவும் உண்பதில்லை என்று அர்த்தம். நான்கையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். ந்யாமா என்றால் பலருக்கு ஆடும் மாடும்தான். கோழி அந்தக் கணக்கில் வராது. சமோசா என்றால் பெரும்பாலும் கொத்துக்கறிதான் உள்ளே இருக்கும். கீரையில்கூடச் சில கடைகளில் கறி வேகவைத்த தண்ணீரை ஊற்றுவார்கள் என்பதால் ‘சுப்பு’ சேர்த்தீர்களா என்று கேட்டுவிடுவது நல்லது.

இந்தத் தடையைத் தாண்டிவிட்டால் கீரை விஷயத்தில் அவர் ராஜா. மனாகு என்பது நம் மணத்தக்காளிக் கீரையின் நெருங்கிய உறவு, அதே மெல்லிய கசப்பு. தெரெரே நம் தண்டுக்கீரை வகை. குண்டே, தட்டைப்பயறுச் செடியின் இலை. சாகா என்பது மழைக்குப் பிறகு நம் வயல் வரப்பில் முளைக்கிற அதே வேளைக்கீரை. கசப்புக்குப் பால் ஊற்றிச் சமைப்பார்கள். மெனுவில் ‘கியென்யேஜி’ என்று இருந்தால் நாட்டுக் கீரைகள் என்று புரிந்துகொள்ளுங்கள். எல்லாக் கடையிலும் கிடைக்கும் சுகுமா விக்கியை மட்டும் தின்றுவிட்டுத் திரும்பாதீர்கள். அந்தப் பெயருக்கே ‘வாரத்தைத் தள்ளு’ என்றுதான் பொருள். சம்பளம் வரும்வரை சமாளிக்கிற கீரை.

கூட வருவது உகாலி. வெள்ளை மக்காச்சோள மாவில் கிண்டிய களி, உப்பு இருக்காது. நம் கேழ்வரகுக் களியைவிடக் கெட்டி. கையால் கிள்ளி, உருட்டி, நடுவில் கட்டைவிரலால் ஒரு குழி அமுக்கி அதில் கீரையை அள்ள வேண்டும். ஸ்பூனால் வெட்டித் தின்றால் சப்பென்றுதான் இருக்கும்.

சைவத்துக்கு இன்னும் இரண்டு நல்ல வழிகள் உண்டு. ஒன்று எத்தியோப்பியக் கடைகள். ஹர்லிங்கம், கிலிமானி பக்கம் நிறைய இருக்கின்றன. அவர்களுடைய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையில் புதனும் வெள்ளியும் விரத நாள். கறி, பால், வெண்ணெய், முட்டை எதுவும் கிடையாது. அன்றைக்குப் போய் ‘விரத பெயாய்னெத்து’ என்று கேட்டால், புளித்த மாவில் ஊற்றிய இஞ்செரா மேல் பருப்பு, கடலை மாவுக் குழம்பு, முட்டைக்கோஸ், பீட்ரூட் என்று ஏழெட்டு வகை வட்டமாக வைத்துத் தருவார்கள். ஒரே தட்டில் எல்லோரும் கை வைப்பது அங்கே வழக்கம். எச்சில் பார்ப்பவர் தனித் தட்டு கேட்கலாம், கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இரண்டாவது, கடற்கரைப் பக்கத்துக் காலை உணவு. ம்பாசி என்றால் துவரை. தோல் நீக்காத முழுத் துவரையைத் தேங்காய்ப்பாலில் குழைய வேகவைத்து, ஏலக்காய் மணக்கும் மஹம்ரி பூரியோடு தருவார்கள். காலையிலேயே போனால்தான் கிடைக்கும், மதியத்துக்குள் தீர்ந்துவிடும்.

உங்கள் விடுதிக்கு அடுத்த பேட்டையான பார்க்லேண்ட்ஸில் டைமண்ட் பிளாசா இருக்கிறது. உள்ளே கால் வைத்ததும் பத்துப் பேர் ஆளுக்கொரு மெனு அட்டையோடு சூழ்ந்துகொள்வார்கள். மிரள வேண்டாம். முதலில் மேசையைப் பிடியுங்கள், பிறகு இரண்டு கடை ஆட்களை மட்டும் நிறுத்திக்கொண்டு மற்றவர்களை அனுப்பிவிடுங்கள். சைவத்தை ஒரு கடையிலும் கறியை இன்னொன்றிலும் வாங்கலாம்; பில் தனித்தனியாக வரும், அவ்வளவுதான். இங்கே பனீர் பட்டர் மசாலா கேட்பது வீண். கேட்க வேண்டியவை மாரு பஜியாவும் மோகோவும். முதலாவது கொத்தமல்லி, பச்சைமிளகாய் கலந்த கடலை மாவு பூசிப் பொரித்த மெல்லிய உருளைக்கிழங்கு வில்லை, தக்காளிச் சட்னியோடு வரும். இரண்டாவது மிளகாய்த்தூளும் எலுமிச்சையும் போட்ட மரவள்ளிக் கிழங்கு வறுவல். இரண்டும் கென்யக் குஜராத்திகள் இந்த ஊரில் வளர்த்த ருசி. மும்பையில் தேடினால் இதே கைமணம் வராது.

இனி கறி. ந்யாமா சோமா என்றால் சுட்ட கறி. இதைச் சாப்பிட மால் ஓட்டலுக்குப் போகாதீர்கள், கென்யாட்டா மார்க்கெட்டுக்குப் போங்கள். கறிக்கடைகளுக்குப் பக்கத்திலேயே முடி பின்னும் கடைகள் இருக்கின்றன. உங்களோடு பெண்கள் இருந்தால் பின்னிவிடுகிறோம் என்று கையைப் பிடித்து இழுப்பார்கள், சிரித்துவிட்டு நடையைக் கட்டுங்கள். கடையில் முதலில் பச்சைக் கறியைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆடு ‘ம்புசி’, விலா ‘ம்பாவு’, கால் ‘ம்குவு’. விலாவில் கொழுப்பு இருப்பதால் காயாமல் வேகும், காலில் சதை அதிகம். எடை போடுவது பச்சையாக. எலும்பும் சுருக்கமும் போகப் பாதிக்குச் சற்று மேல்தான் வாய்க்கு வரும் என்பதால் மூன்று பேருக்கு ஒன்றரைக் கிலோ சொல்லுங்கள். தராசை நீங்கள் பார்க்கிற இடத்தில் வைத்து எடை போடச் சொல்வதில் தப்பில்லை.

அதற்குப் பிறகு காத்திருப்பு. நிதானமான கரியில் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகும். பசியோடு போய் உட்கார்ந்து “சீக்கிரம்” என்று விரட்டினால், தணலில் மேலே கருகி உள்ளே ரப்பராக இருக்கும் கறி வரும். வந்ததும் மரப்பலகையில் உங்கள் கண்ணெதிரே துண்டு போடுவார்கள். ஓரத்தில் உப்புக் குவியல், தக்காளி வெங்காயம் அரிந்த கச்சும்பரி. மசாலா கிடையாது, கேட்கவும் வேண்டாம். வெறும் உப்புத்தான் அதன் ருசி. புது ஊர்த் தண்ணீர் வயிற்றுக்குப் பழகும்வரை, முதல் இரண்டு நாள் பச்சைக் கச்சும்பரியைத் தவிர்த்துவிடுங்கள்.

கார்னிவோர் என்ற புகழ்பெற்ற உணவகம் லங்காட்டா சாலைப் பக்கம் 1980 முதல் நடக்கிறது. மேசையில் நட்ட சின்னக் கொடியைச் சாய்க்கும்வரை கம்பியில் குத்திய கறியைக் கொண்டுவந்து வெட்டிப் போட்டுக்கொண்டே இருப்பார்கள். வேடிக்கைக்கு ஒரு தடவை போகலாம். வரிக்குதிரைக் கறியெல்லாம் இப்போது கிடையாது. முதலையும் நெருப்புக்கோழியும் பண்ணையில் வளர்த்தவை. அங்கே கொடுக்கிற காசுக்கு மார்க்கெட்டில் மூன்று வேளை சாப்பிட்டுவிடலாம்.

ஹலால் நண்பருக்குச் சோமாலியர் பேட்டையான ஈஸ்ட்லியும் நகர மையத்தில் பாண்டா தெருவின் அல் யுஸ்ரா உணவகமும் பொருந்தும். சோற்றோடு ஆடோ ஒட்டகமோ வரும், பக்கத்தில் ஒரு முழு வாழைப்பழமும் இருக்கும். பழத்தைக் கடைசிக்கு ஒதுக்கி வைக்காதீர்கள். சோற்றோடு பிசைந்து ஒவ்வொரு வாய்க்கும் கொஞ்சம் சேர்ப்பதுதான் முறை, காரப் பச்சைச் சட்னிக்கு அதுதான் ஈடு. வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்தில் போகாதீர்கள். கறி சுடும் கடைகளில் ‘ங்குருவே’, அதாவது பன்றி, அதே கம்பி வலையில் சுடப்படுகிறதா என்று அவர் கேட்டுக்கொள்வது நல்லது.

மீனுக்கு லுவோக்கள்தான். கிமாதி தெருவில் கொசெவே, கிலிமானியில் மாமா ஒலியெச். 2016-ல் மார்க் சக்கர்பெர்க் வந்து மீன் தின்றது இரண்டாவதில். ஏரித் திலாப்பியாவை முழுசாகப் பொரித்துத் தருவார்கள். விலை மீனின் அளவுக்கு ஏற்ப; நடுத்தர மீன் ஒருவருக்குச் சரியாக இருக்கும். ‘வெட் ஃப்ரை’ கேளுங்கள். பொரித்த மீனைத் தக்காளி வெங்காயக் குழம்பில் ஒரு கொதி விட்டுத் தருவார்கள், உகாலிக்கு அந்தக் குழம்பு வேண்டும். ஒமெனா என்றால் நெத்திலி போன்ற பொடிமீன். நகர மையத்துக் கடைகளுக்குப் பகல் பன்னிரண்டரைக்கே போய்விடுங்கள். ஒரு மணிக்கு அலுவலகக் கூட்டம் நிரம்பும், இரண்டரைக்கு மேல் நல்ல துண்டுகள் தீர்ந்திருக்கும்.

மாலை ஐந்திலிருந்து எட்டுவரை சாலைகள் நகராது. அதனால் ஈஸ்ட்லி, கென்யாட்டா மார்க்கெட் இரண்டையும் சனிக்கிழமை மதியத்துக்கு வையுங்கள், வார நாள் இரவுகளுக்குப் பார்க்லேண்ட்ஸ் போதும். இருட்டிய பிறகு நகர மையத்தில் நடக்க வேண்டாம், செயலி வழியே வண்டி பிடியுங்கள்.

வந்திறங்கியதும் பாஸ்போர்ட்டைக் காட்டி சஃபாரிகாம் சிம் வாங்கி, கைபேசியிலேயே பணம் அனுப்பும் எம்-பெசா கணக்கைத் திறந்துகொள்ளுங்கள். சின்னக் கடைகளில் கார்டு நடக்காது. சுவரில் எழுதிய ‘டில்’ எண்ணுக்குத்தான் பணம் போகும். அனுப்புமுன் திரையில் வரும் கடைப் பெயரைச் சர்வரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், ஓர் எண் மாறினால் காசு பக்கத்துக் கடைக்குப் போய்விடும். பெரிய ஓட்டல் பில்லில் 16 சதவீத வாட் வரியும் 2 சதவீத உணவக வரியும் பெரும்பாலும் விலைக்குள்ளேயே அடங்கியிருக்கும். சேவைக் கட்டணம் தனியாகப் போட்டிருந்தால் டிப்ஸ் வைக்க வேண்டியதில்லை. குடிப்பவர்கள் டஸ்கர் பீர் கேட்டால் “பாரிடியா?” என்பார்கள், ஆமாம் என்று சொல்லாவிட்டால் குளிர வைக்காத பாட்டில் வந்து நிற்கும். அப்படிக் குடிப்பவர்களும் அங்கே நிறைய உண்டு.