வெக்டர் லைப்ரரி வெளியிடப் போகிறீர்களா? சுழி வெக்டரைக் கவனியுங்கள்

கேள்வி: ரஸ்ட் மொழியில் ஒரு சின்ன கேம் எழுதினேன். அதற்காக எழுதிய வெக்டர், மேட்ரிக்ஸ் கோடை (நிரலை) ஓப்பன் சோர்ஸ் லைப்ரரியாக வெளியிட ஆசை. முதலில் சிம்டி (ஒரே கட்டளையில் பல எண்களைக் கணக்கிடும் வசதி) சேர்த்து வேகமாக்கவா, ஜெனரிக்காக மாற்றவா?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். எந்தப் பரிமாணத்துக்கும் பொருந்தும் ஜெனரிக் வழியில் என்அல்ஜீப்ரா என்ற லைப்ரரி இருக்கிறது. கேமுக்கான வேகத்துக்கு க்ளாம் என்ற லைப்ரரி இருக்கிறது. பெவி என்ற கேம் எஞ்சின் அதைத்தான் பயன்படுத்துகிறது. சும்மா எஃப்32-இலேயே (32-பிட் மிதவைப்புள்ளி, அதாவது தசம எண்) இருங்கள். வேகத்தை அப்புறம்கூடக் கூட்டலாம். ஆனால் ஒரு ஃபங்ஷன் என்ன விடை தரும் என்பதைப் பிறகு மாற்றினால், உங்களை நம்பி எழுதியவர்களின் கோடு சத்தமில்லாமல் கெடும். அதனால் அதை முதலில் முடிவு செய்யுங்கள்.

நார்மலைஸையே எடுத்துக்கொள்வோம். திசை மாறாமல் நீளத்தை 1 ஆக்க, வெக்டரை அதன் நீளத்தால் வகுக்கிறோம். அசையாமல் நிற்கும் கதாபாத்திரத்தின் வேகம் (0, 0, 0) என்றால்? சுழியைச் சுழியால் வகுத்தாலும் மிதவைப்புள்ளிக் கணக்கில் ரஸ்ட் பேனிக் ஆகாது (பிழை காட்டி நிற்காது), என்.ஏ.என். என்ற செல்லாத மதிப்பைத் தந்துவிட்டுப் போய்விடும். அது இருப்பிடத்தோடு கூட்டப்பட்டதும் இருப்பிடமும் என்.ஏ.என். ஆகிவிடும். அடுத்த ஃபிரேமில் ஆளே திரையில் இல்லை, பிழைச் செய்தியும் இல்லை. க்ளாம் இதற்குத் தனித்தனி ஃபங்ஷன்கள் வைத்திருக்கிறது: சோதிக்காமல் வகுப்பது ஒன்று, முடியாவிட்டால் None (மதிப்பு இல்லை) என்று ஆப்ஷனாகத் தருவது ஒன்று, முடியாவிட்டால் சுழி வெக்டரையே திருப்பித் தருவது ஒன்று. தயங்காமல் அதே வழியில் போங்கள்.

இரண்டு வெக்டருக்கு இடையிலான கோணத்திலும் இதே வம்பு உண்டு. பாடப்புத்தகச் சூத்திரப்படி டாட் பெருக்கலை நீளங்களால் வகுத்து ஆர்க்-கொசைன் எடுப்பீர்கள். ஒரே திசையில் இருக்கும் வெக்டர்களுக்கு, முழுமையாக்கல் பிழையால் அந்த வகுத்தல் 1.0000001 என்று வரலாம். ஆர்க்-கொசைன் உடனே என்.ஏ.என். தரும். சரி, 1-க்குள் அடக்கிவிடலாம் என்றால் வேறொரு தொல்லை: 0.01 டிகிரியின் கொசைன் எஃப்32-இல் 1 என்றே முழுமையாகிறது, கோணம் சுழியாகிவிடும். முப்பரிமாணத்தில் கிராஸ் பெருக்கலின் நீளத்தையும் டாட் பெருக்கலையும் ஏடேன்2-க்கு (இரண்டு எண்களிலிருந்து கோணம் தரும் ஃபங்ஷன்) கொடுங்கள். இரண்டு தொல்லையும் தீரும்.

நினைவக அமைப்பையும் இப்போதே தீர்மானியுங்கள். மூன்று எஃப்32 சேர்ந்தால் 12 பைட். ஆனால் ஷேடரின் (கிராஃபிக்ஸ் சிப்பில் ஓடும் நிரலின்) யூனிஃபார்ம் பஃபரில், அதாவது அதற்குத் தரவு கொடுக்கும் நினைவகத்தில், முப்பரிமாண வெக்டர் 16-இன் மடங்கான இடத்தில்தான் தொடங்க வேண்டும். க்ளாமில் 12 பைட்டுக்கு வெக்3, 16 பைட்டுக்கு வெக்3ஏ என இரண்டு டைப். நீங்கள் ஒன்றோடு தொடங்கினால் போதும், எது என்பதை ரீட்மீயின் மேலேயே எழுதுங்கள். மேட்ரிக்ஸ் நெடுவரிசை வாரியாகச் சேமிக்கப்படுகிறதா, நிரை வாரியாகவா என்பதும் அங்கேயே வரட்டும்.

மின்ட் என்ற கிரேட்டுக்கு (கணித லைப்ரரிகளுக்கு இடையே டைப்புகளை மாற்ற உதவும் பொதுவான ரஸ்ட் தொகுப்பு) ஒரு ஃபீச்சர், அதாவது வேண்டுமென்றால் இயக்கிக்கொள்ளும் வசதி, வையுங்கள். உங்கள் டைப்பிலிருந்து என்அல்ஜீப்ரா டைப்புக்கு ஃப்ரம் (டைப் மாற்றும் கோடு) எழுத, இரண்டையும் பயன்படுத்தும் மூன்றாம் ஆளை ரஸ்டின் ஆர்ஃபன் விதி விடாது, ஏனென்றால் அந்த டைப்புகள் எதுவும் அவருடையவை அல்ல. நடுவில் மின்ட் இருந்தால் மாற்றிக்கொள்வார்.

உரிமம் எம்ஐடி, அப்பாச்சி 2.0 இரண்டும் இருக்கட்டும். ரஸ்ட் உலகத்தில் அதுதான் வழக்கம். பதிப்பை 0.1 என்று தொடங்குங்கள். 0.2-ஐ ரஸ்டின் பேக்கேஜ் மேலாளரான கார்கோ பொருந்தாத பதிப்பாகவே நடத்தும் என்பதால், எதையாவது மாற்றியே ஆக வேண்டுமென்றாலும் பழைய பயனர்கள் தாங்களாக மாறும்வரை அவர்களுக்கு எதுவும் உடையாது.