பாதி மண்ணுக்குள், பாதி வெளியே: ஜெர்மன் தளப் பெயர்கள், கேள்வி பதில்

கே: ஜெர்மன் கட்டிட வரைபடம் ஒன்றை மொழிபெயர்க்கிறேன், அதில் 'சூட்டெரேன்' என்று இருக்கிறது. ஆங்கிலத்தில் பேஸ்மென்ட் என்று போட்டுவிடலாமா?

வாசிக்கப்போவது லண்டன்காரரா, நியூயார்க்காரரா? சூட்டெரேன் பிரெஞ்சிலிருந்து ஜெர்மனுக்குப் போன சொல். பாதி புதைந்திருக்கும், ஆனால் சன்னல் உண்டு, ஆள் குடியிருக்கலாம், கடை வைக்கலாம். பிரிட்டனில் இதற்கு 'லோயர் கிரவுண்ட் ஃப்ளோர்' பொருந்தும். அமெரிக்க வீட்டு விளம்பரத்தில் 'கார்டன் லெவல்'. வெறும் பேஸ்மென்ட் என்றால் பலருக்குப் பாய்லரும் பழைய சைக்கிளும்தான் நினைவுக்கு வரும்.

நியூயார்க் நகரம் மட்டும் தனிக்கதை. அங்கே உயரத்தில் பாதியாவது தெருமட்டத்துக்கு மேலே இருந்தால்தான் பேஸ்மென்ட். பாதிக்கு மேல் புதைந்திருந்தால் செல்லார். அகராதியை மூடிவிட்டுக் குறுக்குவெட்டு வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள்.

கே: கெல்லர்கெஷோஸ் (நிலவறைத் தளம்), உன்டர்கெஷோஸ் (கீழ்த்தளம்) இரண்டும் ஒன்றுதானே?

பேச்சில் பெரும்பாலும் ஒன்றுதான். கட்டிட அனுமதிப் பத்திரத்தில் அப்படி விட முடியாது. ஜெர்மனியின் மாதிரிக் கட்டிட விதிப்படி, ஒரு தளத்தின் மேற்கூரையின் மேல்விளிம்பு சராசரியாக நிலமட்டத்திலிருந்து 1.40 மீட்டருக்கு மேல் நீண்டிருந்தால் அது நிலத்துக்கு மேலான தளம், இல்லாவிட்டால் கெல்லர்கெஷோஸ். வெளிச்சமான நல்ல அறைகூட சட்டப்படி 'கெல்லர்' ஆகிவிடலாம்! மாதிரி விதியை ஒவ்வொரு மாநிலமும் தன் சட்டத்தில் மாற்றிக்கொள்ளும் என்பதால், எந்த மாநிலம் என்றும் பாருங்கள். நான் சொல் முதலில் வரும் இடத்தில் ஜெர்மன் சொல்லையே வைத்து, பக்கத்தில் விளக்கம் எழுதுவேன்.

கே: ஹோக்பார்ட்டெர்?

நாலைந்து படி ஏறிப் போகும் தரைத்தளம். 'ரெய்ஸ்டு கிரவுண்ட் ஃப்ளோர்'. அது உயர்ந்து நிற்பதால்தான் கீழே சூட்டெரேனுக்குச் சன்னல் கிடைக்கிறது. வியன்னாவின் பழைய வீடுகளில் இதற்கு மேல் மெட்சனின் என்று இன்னொன்றும் வரும். அதைத் தாண்டித்தான் 'முதல் மாடி'. மாடி எண்ணை நீங்களாகத் திருத்தப் போகாதீர்கள்.

கே: கெல்லர்கெஷோஸுக்கு கேஜி (KG), உன்டர்கெஷோஸுக்கு உகே (UG) என்ற சுருக்கங்களை மொழிபெயர்ப்பு இயந்திரம் ஏதோ கம்பெனி என்கிறதே?

பாவம், அதன் மேல் பிழையில்லை. அதே எழுத்துகள் ஜெர்மனியில் இரண்டு வகை நிறுவன அமைப்புகளுக்கும் சுருக்கம்.

கே: சரிவில் கட்டிய வீடு. முன்னால் மண், பின்னால் தோட்டம்.

ஹாங்கெஷோஸ். அமெரிக்கருக்கு 'வாக்-அவுட் பேஸ்மென்ட்' என்றால் உடனே புரியும். பிரிட்டனுக்கு மறுபடி லோயர் கிரவுண்ட்தான்.