‘சி’ சர்டிஃபிகேட் இருந்தால் லெப்டினன்ட் ஆகிவிடலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் முதலாண்டு படிக்கிறேன். என்.சி.சி. ராணுவப் பிரிவில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. ‘சி’ சர்டிஃபிகேட் வாங்கிவிட்டால் பரீட்சையே எழுதாமல் ராணுவத்தில் அதிகாரி ஆகலாம் என்று சீனியர்கள் சொல்கிறார்கள். அப்பாவுக்கு இதில் விருப்பமில்லை. மூன்று வருடம் பரேடு போனால் கடைசியில் பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள், டிகிரியும் பாழாகும் என்கிறார். நான் தமிழ் வழியில் படித்தவன், ஆங்கிலம் சுமார்தான். கண்ணாடியும் போடுகிறேன். இந்த மூன்று வருடத்தில் நான் என்ன செய்ய வேண்டும்?

ச.

அன்புள்ள ச.,

அப்பாவின் பயத்தை முதலில் தீர்த்துவிடுவோம். என்.சி.சி. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடப்பது. அதில் உறுப்பினராக இருப்பதாலேயே யாரும் ராணுவப் பணிக்குக் கட்டுப்பட்டவராக மாட்டார் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. அமெரிக்கக் கல்லூரிகளில் ஆர்.ஓ.டி.சி. என்று ஒன்று உண்டு. அதில் உதவித்தொகை வாங்கிப் படித்தவர் பிறகு சில ஆண்டுகள் சீருடையில் இருந்தே தீர வேண்டும். நம் என்.சி.சி.யில் அப்படி எதுவும் இல்லை. மூன்றாண்டு பரேடு முடித்துவிட்டு வங்கி வேலைக்கோ ஆசிரியர் பணிக்கோ போனால் யாரும் கேட்கப்போவதில்லை.

உங்கள் சீனியர்கள் சொன்னது பாதி உண்மை. ‘என்.சி.சி. ஸ்பெஷல் என்ட்ரி’ என்று ஒரு வழி இருக்கிறது. அதில் எழுத்துத் தேர்வு கிடையாது. ஆனால் அடுத்துள்ள எஸ்.எஸ்.பி. (ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியம்) நேர்காணல், மருத்துவப் பரிசோதனை, தரவரிசைப் பட்டியல் மூன்றும் எல்லோருக்கும் போலத்தான். சர்டிஃபிகேட்டுக்கென்று எஸ்.எஸ்.பி.யில் ஒரு மதிப்பெண்கூடத் தனியாகக் கிடையாது. முதல் கதவை அது திறந்துவிடும், அவ்வளவுதான்.

அந்தக் கதவுக்கான நிபந்தனைகள்: வயது 19 முதல் 25 வரை, திருமணம் ஆகியிருக்கக் கூடாது, பட்டப்படிப்பில் மொத்தம் 50 சதவீதம், ‘சி’ சர்டிஃபிகேட்டில் குறைந்தது ‘பி’ கிரேடு. வெறும் பாஸ் போதாது. ‘சி’ கிரேடு வாங்கியவர் இந்த வழியில் விண்ணப்பிக்கவே முடியாது என்பது பலருக்குச் சான்றிதழ் கைக்கு வந்த பிறகுதான் தெரிகிறது. டிரில், ஆயுதப் பயிற்சி இரண்டிலும் மதிப்பெண் அள்ளிவிட்டு, வரைபடம் படிப்பதில் கோட்டைவிடுகிறவர்கள் அதிகம். வரைபடத்தில் ஆறு இலக்க கிரிட் ரெஃபரன்ஸ் (ஓர் இடத்தைக் கட்டக் கோடுகளின் எண்களால் குறிப்பது) எடுப்பதை இப்போதே பழகுங்கள். முதலில் கிழக்கு நோக்கி எண்ண வேண்டும், பிறகு வடக்கு நோக்கி. இந்த வரிசையை மாற்றி எழுதுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை.

சர்டிஃபிகேட் தேர்வுக்குத் தகுதி பெறுவதற்கு இரண்டு விஷயங்கள் உயிர்நாடி. ஒன்று வருகைப்பதிவு, 75 சதவீதம். இன்னொன்று முகாம். இரண்டாம் ஆண்டு முடிவில் எழுதும் ‘பி’ சர்டிஃபிகேட் தேர்வுக்கு ஒரு முகாமாவது போயிருக்க வேண்டும், மூன்றாம் ஆண்டு ‘சி’ தேர்வுக்கு இன்னொன்று. பத்து நாள் முகாம் பெரும்பாலும் செமஸ்டர் தேர்வை ஒட்டியோ, பிராக்டிகல் நடக்கும்போதோதான் வந்து விழும். ‘அடுத்த முகாமில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று முதலாண்டில் தள்ளிப்போடுகிறவர்கள் மூன்றாம் ஆண்டில் மாட்டிக்கொள்கிறார்கள். முதல் முகாம் எப்போது வந்தாலும் போய்விடுங்கள். முடிந்ததும் முகாம் சான்றிதழை வாங்கி நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஏ.என்.ஓ. (கல்லூரியில் என்.சி.சி.க்குப் பொறுப்பான ஆசிரியர்) மாறிப்போனால் பழைய பதிவைத் தேடும் வேலை உங்கள் தலையில்தான் விழும்.

சீனியர்கள் சொல்லாமல் விட்டது கால அட்டவணை. விண்ணப்பிக்கும் நாளில் ‘சி’ சர்டிஃபிகேட் கையில் இருக்க வேண்டும் என்பது விதி. தேர்வு எழுதியிருக்கிறேன், முடிவு வரவில்லை என்பது செல்லாது. இறுதியாண்டு மாணவரும் விண்ணப்பிக்கலாம் என்று அறிவிப்பில் இருக்கும். அதைப் படித்துவிட்டு எல்லோரும் சந்தோஷப்படுவார்கள். நான்காண்டு பொறியியல் மாணவருக்கு அது சரி. முதலாண்டிலேயே சேர்ந்தவர் மூன்றாம் ஆண்டு முடிவில் ‘சி’ தேர்வு எழுதி, நான்காம் ஆண்டில் சான்றிதழோடு விண்ணப்பிப்பார். நீங்கள் மூன்றாண்டுப் படிப்பு. உங்கள் ‘சி’ தேர்வே கடைசி செமஸ்டரில்தான் வரும். சான்றிதழ் கைக்கு வரும்போது கல்லூரி முடிந்திருக்கும். ஆக, இந்த வழியை நம்பினால் பட்டம் வாங்கிய பிறகு சில மாதங்களாவது காத்திருக்க வேண்டிவரும். அந்த இடைவெளியில்தான் வீட்டில் பேச்சு ஆரம்பிக்கும்.

ஆகவே என் யோசனை, சி.டி.எஸ். என்ற ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணித் தேர்வைத் தலைவாசலாகவும் ஸ்பெஷல் என்ட்ரியைப் பின்வாசலாகவும் வைத்துக்கொள்ளுங்கள். யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தத் தேர்வு ஆண்டுக்கு இரண்டு முறை, ஏப்ரலிலும் செப்டம்பரிலும் வரும். இறுதியாண்டு மாணவர் தாராளமாக எழுதலாம். நீங்கள் மூன்றாம் ஆண்டு தொடங்கியதும் செப்டம்பரில் எழுதினால், டேராடூன் இந்திய ராணுவ அகாடமியின் பயிற்சி மறு ஆண்டு ஜூலையில் தொடங்கும். சென்னை பரங்கிமலை ஓ.டி.ஏ. (அதிகாரிகள் பயிற்சி அகாடமி) என்றால் அக்டோபர். டேராடூனுக்குப் பட்டச் சான்றை ஜூலை தொடக்கத்துக்குள் காட்ட வேண்டும். கடைசி செமஸ்டர் முடிவு எப்போது வரும் என்று உங்கள் பல்கலைக்கழகத்தில் முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். ஒரே ஒரு அரியர் இருந்தாலும் இந்தக் கணக்கு முழுவதும் குலைந்துபோகும். டிகிரி பாழாகும் என்று அப்பா பயப்படுவதை நான் திருப்பிச் சொல்வேன்: டிகிரி பாழானால் இதில் எதுவும் நடக்காது.

டேராடூனுக்கு ஆங்கிலம், பொது அறிவு, அடிப்படைக் கணிதம் என்று மூன்று தாள், ஒவ்வொன்றும் 100 மதிப்பெண். ஓ.டி.ஏ.வுக்குக் கணிதம் இல்லை, இரண்டே தாள். தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கழியும். வினாத்தாள் தமிழில் இருக்காது. டேராடூனில் ராணுவப் பிரிவு ‘சி’ சர்டிஃபிகேட் உள்ளவர்களுக்கென்று தனி ஒதுக்கீடு உண்டு. அறிவிப்புகளில் 100 இடத்துக்கு 13 என்று பார்த்திருப்பீர்கள். அதற்கும் சி.டி.எஸ். எழுதித்தான் ஆக வேண்டும். ஆக உங்கள் பரேடு இந்த வாசலிலும் வீண்போகாது.

டேராடூன், ஓ.டி.ஏ. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு உங்கள் அப்பாவுக்கு முக்கியமாகப் படலாம். டேராடூன் வழி போனால் நிரந்தரப் பணி. ஓ.டி.ஏ. வழி குறுகிய காலப் பணி, பத்தாண்டு, விரும்பினால் இன்னும் நான்காண்டு. பரங்கிமலையில் பயிற்சி 49 வாரம், அப்போது மாதம் ரூ.56,100 உதவித்தொகை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதுநிலைப் பட்டயமும் கூடவே கிடைக்கும். சொந்தக் காரணத்துக்காகப் பாதியில் விட்டால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும். கட்டாயம் என்று ஒன்று வருவதே இங்கேதான், என்.சி.சி.யில் அல்ல.

எஸ்.எஸ்.பி.க்கு வருவோம். ஐந்து நாள். முதல் நாளே பாதிக்கு மேற்பட்டவர்கள் வீட்டுக்குத் திரும்பும்படி ஆகலாம். அன்று காலை நுண்ணறிவுத் தேர்வு, அடுத்து மங்கலான ஒரு படம். படம் திரையில் 30 விநாடி நிற்கும். அதில் எத்தனை பேர், ஆணா பெண்ணா, வயதென்ன, மனநிலை என்ன என்று குறிக்க ஒரு நிமிடம், கதை எழுத நான்கு நிமிடம். பிறகு பத்துப் பதினைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு நிமிடம் தன் கதையைச் சொல்லி, எல்லோருமாகச் சேர்ந்து ஒரு பொதுக்கதைக்கு வர வேண்டும். அந்த விவாதம் சந்தைக்கடையாகிவிடும். அங்கே தொண்டையைக் காட்டுகிறவர் வெல்வதில்லை. இரண்டு முறை பேசினாலும் உருப்படியாகப் பேசி, அடுத்தவர் சொன்னதைக் காதில் வாங்கியவர் என்று தெரிந்தால் போதும். எளிய ஆங்கிலம் இதற்குப் போதும். இலக்கணம் சறுக்கினால் யாரும் உங்களை வெளியே அனுப்புவதில்லை. சொல் தேடிக்கொண்டு வாயே திறக்காமல் இருந்தால் அனுப்பிவிடுவார்கள். தினமும் ஒரு செய்திப்படத்தைப் பார்த்து நான்கு நிமிடத்தில் ஆங்கிலத்தில் எழுதி, ஒரு நிமிடத்தில் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். மூன்று வருடம் உங்களுக்கு இருக்கிறது. அது நிறைய.

இரண்டாம் நாள் உளவியல் தேர்வுகள்: படம் பார்த்து எழுதும் பன்னிரண்டு கதைகள், அதில் கடைசிப் படம் வெற்றுத்தாள். 60 சொற்கள், ஒவ்வொன்றையும் பார்த்ததும் தோன்றுவதை எழுத 15 விநாடி. 60 சூழ்நிலைகளில் என்ன செய்வீர்கள் என்று எழுத அரை மணி நேரம். பயிற்சி மையங்கள் இதற்கென்று ‘ஹீரோ’ கதைகள் மனப்பாடம் செய்யவைக்கின்றன. கிராமத்துக்கு வெள்ளம் வரும், கதாநாயகன் இளைஞர்களைத் திரட்டுவான், மாவட்ட ஆட்சியர் பாராட்டுவார். ஒரே கதையை நூறு பேர் எழுதினால் படிக்கிறவருக்குத் தெரியாதா? காசைக் கொட்டி அங்கே போக வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம்.

மைதானத்துக்கு வந்தால் உங்கள் இயற்பியல் கைகொடுக்கும். குழுவாகத் தடை தாண்டும் பணியில் ஒரு பலகை, ஒரு மூங்கில், ஒரு கயிறு கொடுத்து, ஒரு சுமையையும் தூக்கிக்கொண்டு எதிர்க்கோட்டுக்குப் போகச் சொல்வார்கள். சிவப்பு வண்ணத்தை ஆளும் தொடக்கூடாது, பொருளும் படக்கூடாது. மஞ்சளில் ஆள் கால் வைக்கலாம், பொருள் படக்கூடாது. வெள்ளையில் இரண்டும் சரி. நான்கடிக்கு மேல் தாவக்கூடாது. பலகையையும் மூங்கிலையும் ஒன்றோடொன்று கட்டி நீளமாக்கவும் கூடாது. பலகை எதிர்ப்பக்கம் எட்டவில்லையா, பாதியை வெளியே நீட்டி, இந்தப் பக்க முனையில் இரண்டு பேர் ஏறி நின்றால் நெம்புகோல் ஆகிவிடும், மூன்றாமவர் நீட்டிய முனை வரை நடந்து அங்கிருந்து தாண்டலாம். அவர் தாண்டியதும் இந்த முனையில் நிற்பவர்கள் எப்படி வருவது என்பதை முதலிலேயே யோசித்தவரைத்தான் அதிகாரி குறித்துக்கொள்வார். என்.சி.சி. மாணவர்கள் இங்கே செய்யும் தவறு ஒன்று உண்டு. சீனியர் அண்டர் ஆபீசராக (என்.சி.சி. மாணவர்களில் மூத்த பதவி) இருந்த பழக்கத்தில் ஓரமாக நின்று கட்டளை போடுவார்கள். பலகையைத் தூக்க வேறு ஆள். அது எடுபடாது.

நேர்காணல் முழுவதும் நீங்கள் நிரப்பிக் கொடுத்த படிவத்திலிருந்துதான் கிளம்பும். அப்பாவின் தொழில், மதிப்பெண், விளையாட்டு, முகாம் எல்லாம் அதில் இருக்கும். வாலிபால் ஆடுவேன் என்று எழுதினால் மைதானத்தின் நீள அகலம் கேட்பார்கள். ஆடாததை எழுதாதீர்கள். இந்த வகைப் பணிக்கான எஸ்.எஸ்.பி.க்கு முதல்முறை போகிறவருக்கு மூன்றாம் வகுப்பு ஏ.சி. ரயில் கட்டணம் போகவரக் கிடைக்கும். டிக்கெட்டைப் பத்திரமாக வையுங்கள்.

உடற்தகுதி. அகாடமிக்குப் போய்ச் சேரும்போது ஆண்களிடம் எதிர்பார்ப்பது 2.4 கி.மீ. ஓட்டம் 10 நிமிடம் 30 விநாடியில், 40 புஷ்அப், 6 புல்அப். 400 மீட்டர் தடத்தில் ஆறு சுற்று, சுற்றுக்கு 1 நிமிடம் 45 விநாடி என்று மனதில் வையுங்கள். வாரம் மூன்று நாள் மெதுவாக 4 கி.மீ., ஒரு நாள் மட்டும் இந்த வேகத்தில் ஒரு சுற்று ஓடி இரண்டு நிமிடம் நடந்து, ஆறு முறை. பரேடு பூட்ஸோடு ஓடாதீர்கள், கணுக்காலுக்கு மேல் எலும்பு வலி வந்து மாதக்கணக்கில் முடக்கும். புல்அப் வரவில்லை என்றால் நாற்காலி மேலேறி மேலே பிடித்துக்கொண்டு, ஐந்து எண்ணும் வரை மெல்ல இறங்கிப் பழகுங்கள். ஏறுவது தானாக வரும்.

கண்ணாடி போட்டவர்களும் அதிகாரியாக இருக்கிறார்கள், பவருக்கு வரம்பு உண்டு. இப்போதே கண் மருத்துவரிடம் அளந்து, எழுதி வாங்கிக்கொண்டு, அறிவிப்பில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். யாரோ சொன்னார்கள் என்று இந்த வயதில் லேசிக் (பார்வைக்கான லேசர் சிகிச்சை) செய்துகொள்ளாதீர்கள். 20 வயதுக்கு முன் செய்ததை ஏற்பதில்லை. செய்த பிறகும் ஓராண்டாவது கழிய வேண்டும். பச்சை குத்திக்கொள்ளும் எண்ணம் இருந்தால் அதையும் தள்ளிப்போடுங்கள், முன்கையின் உட்புறமும் புறங்கையும் தவிர வேறெங்கு இருந்தாலும் சிக்கல். காதழுக்கு, சொத்தைப்பல், கூடுதல் எடை போன்றவற்றுக்காகத் தற்காலிகமாகத் தள்ளப்படுகிறவர்கள் ஏராளம். அதைச் சரிசெய்துகொண்டு மேல்முறையீட்டு மருத்துவக் குழுவிடம் போகலாம். ஆனால் முன்பே ஒரு பல் மருத்துவரையும் காது மூக்கு தொண்டை மருத்துவரையும் பார்த்துவிட்டால் அந்த அலைச்சலே இல்லை.

கடைசியாக, நம் ஊர்க்காரர்களுக்கே உரிய தலைவலி: இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் பின்னால் இருக்கும், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும், என்.சி.சி. பதிவில் எழுத்தர் கேட்டபடி வேறொன்று இருக்கும். சரிபார்ப்பின்போது மூன்றும் மூன்று ஆளாகத் தெரியும். ‘சி’ சர்டிஃபிகேட் அச்சான பிறகு திருத்துவது பெரும்பாடு. உங்கள் பதிவு இரண்டு மாதம் முன்புதானே நடந்தது, அடுத்த பரேடுக்குப் போகும்போது பத்தாம் வகுப்புச் சான்றிதழின் நகலை எடுத்துச்சென்று, பதிவில் பெயரும் பிறந்த தேதியும் எழுத்துக்கு எழுத்து அதேபோல இருக்கிறதா என்று உங்கள் ஏ.என்.ஓ.விடம் பார்த்துவிடுங்கள்.