தோட்டத்து ரோட்டுக்கு யார் பதில் சொல்வது? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் இருந்தன. நம்ம மலையக எம்.பி.மார் பாராளுமன்றத்தில் ரோடு, ஆஸ்பத்திரி, தண்ணீர், வீடு என்று அமைச்சர்களிடம் கேட்கிறார்கள், அதனால் ஏதாவது நடக்கிறதா என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். மற்றக் கடிதங்களை அடுத்த இதழுக்கு வைத்துவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

எங்கள் தோட்ட டிவிஷனுக்கு வரும் ரோட்டைப் பற்றி எம்.பி. ஒருவர் பாராளுமன்றத்தில் கேட்டார், பேப்பரிலும் வந்தது. அமைச்சர் "கவனம் எடுப்போம்" என்றார். ரோடு அப்படியேதான் கிடக்கிறது. இப்படிக் கேட்பதால் யாருக்கு என்ன பிரயோசனம்?
– தோட்டத் தொழிலாளி ஒருவர், நோர்வூட்

உங்கள் கோபம் நியாயம்தான் ஐயா. ஆனால் நீங்கள் அனுப்பிய பேப்பர் துண்டை வாசித்தேன். "தோட்டப் பாதைகள் மோசமாக இருக்கின்றன, அரசாங்கம் என்ன செய்யப்போகிறது" என்றுதான் அவர் கேட்டிருக்கிறார். இப்படிக் கேட்டால் எந்த அமைச்சரும் கவனம் எடுப்போம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம்.

நம்ம பக்கத்து ரோட்டில் முதல் சிக்கலே அது யாருடையது என்பதுதான். ஹட்டன் வழியாகப் போகும் ஏ-7 வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையது. கிளை வீதிகளில் சில மாகாணத்துடையவை, சில பிரதேச சபையுடையவை. தோட்டத்து எல்லைக்குள் கால் வைத்ததும் "அது கம்பனி ரோடு" என்கிறார்கள். கம்பனியிடம் போனால், கொழுந்து லொறி போகிற ரோடு வரைக்கும் பார்க்கிறோம், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போகிற பாதை எங்கள் வேலை இல்லை என்று பதில் வருகிறது. ஒரு பஸ் பயணத்துக்குள் இத்தனை சொந்தக்காரர்கள், ஆனால் கடைசி ஒரு மைலுக்கு ஒருவரும் இல்லை.

அந்தக் கடைசி மைலில்தான் உயிர் போகிறது. 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வருகிறது, நல்ல சேவை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் பல இடங்களில் அது ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, பக்கத்தில் நின்றுவிடும். எங்கள் பக்கத்தில் ஒரு மழைநாளில் பிரசவ வலி வந்த பிள்ளையைக் கம்பளியில் போட்டு நாலு பேர் தூக்கிக்கொண்டு இறங்கியதை நான் பார்த்திருக்கிறேன். கல்லு வழுக்கிய இடத்தில் முன்னால் பிடித்திருந்தவர் அப்படியே முழங்காலில் விழுந்தார், விழுந்தும் கம்பளி தரையில் படாமல் கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டே இருந்தார். அமைச்சருக்கு இதைச் சொல்ல வேண்டும், ஆனால் இதோடு நிறுத்தக் கூடாது, சட்டத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தோட்டங்களை அரசாங்கம் 1972லும் 1975லும் எடுத்தது. 1992ல் நிர்வாகத்தைக் கம்பனிகளிடம் கொடுத்தது, ஆனால் நிலம் இன்றைக்கும் அரசாங்கத்துடையது, கம்பனிகள் குத்தகைக்காரர்கள். அப்படியிருந்தும் 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவழிக்க முடியாது என்று முப்பது வருசமாகச் சொல்லிவந்தார்கள். நாங்கள் வாக்குப் போடலாம், சபைக்கு ஆள் அனுப்பலாம், ஆனால் எங்கள் லயத்துக்கு முன்னால் ஒரு கான் (வடிகால்) கட்ட அந்தச் சபைக்கு முடியாது, என்ன அநியாயம்! 2018ல்தான் அந்தப் பிரிவு திருத்தப்பட்டு வழி திறந்தது. அதே காலத்தில்தான் அம்பகமுவையைப் பிரித்து உங்கள் நோர்வூட்டுக்கும் மஸ்கெலியாவுக்கும் தனிச் சபைகள் வந்தன.

அப்படியென்றால் எம்.பி. கேட்க வேண்டியது இதுதான்: 2018க்குப் பிறகு நோர்வூட் பிரதேச சபை எந்தெந்தத் தோட்டப் பாதைகளைப் பொறுப்பேற்றது, ஒவ்வொன்றின் பெயரும் நீளமும் என்ன, எவ்வளவு செலவானது, உங்கள் டிவிஷன் பாதை அதில் இருக்கிறதா, இல்லையென்றால் ஏன்? இதற்குக் "கவனம் எடுப்போம்" என்பது பதிலாகாது. ஒன்று பட்டியல் வர வேண்டும், இல்லாவிட்டால் பட்டியலே இல்லை என்று பாராளுமன்றத்தில் ஒத்துக்கொள்ள வேண்டும். அப்படி ஒத்துக்கொண்டாலும் நமக்கு லாபம்தான், அதற்குப் பிறகு உங்கள் ரோட்டைக் கம்பனி ரோடு என்று யாரும் தட்டிக்கழிக்க முடியாது.

பாராளுமன்றத்தில் ஒரு கேள்வி எப்படிக் கேட்கப்படுகிறது? 27/2 கேள்வி என்று செய்தியில் சொல்கிறார்களே, அது என்ன?
– உயர்தர மாணவி, பதுளை

நல்ல கேள்வி தங்கச்சி. நினைத்த நேரத்தில் எழும்பிக் கேட்பதில்லை. வாய்மூல விடைக்கான கேள்வியை எம்.பி. முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும், அது ஒழுங்குப் பத்திரத்தில் அச்சாகும். அதற்கு ஒரு நடை இருக்கிறது. "(அ) இன்ன தோட்டத்தில் இத்தனை குடும்பங்கள் இன்னும் லயன்களில் வாழ்கின்றன என்பதை அவர் அறிவாரா? (ஆ) அவர்களுக்கு வீடு வழங்கப்படும் திகதியை அவர் இச்சபைக்கு அறிவிப்பாரா? (இ) இன்றேல், ஏன்?" கடைசியில் வரும் அந்த "இன்றேல், ஏன்?" எனக்குப் பிடித்த இடம். முடியாது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக அது அமைச்சரை விடாது.

கேள்வி கொடுத்ததும் அது அமைச்சுக்குப் போகும், அங்கிருந்து திணைக்களத்துக்கு, திணைக்களத்திலிருந்து மாவட்டக் காரியாலயத்துக்கு. யாரோ ஒரு உத்தியோகத்தர் பழைய ஃபைலைத் தேடி எடுத்து எண்ணிக்கை எழுதியாக வேண்டும். பாதி வேலை அங்கேயே நடந்துவிடுகிறது. சில நேரம் அமைச்சர் கால அவகாசம் கேட்பார், சில நேரம் நீண்ட பதிலைச் சபையில் வாசிக்காமல் சபாபீடத்தில் சமர்ப்பிப்பார். பதில் வந்ததும் எம்.பி. மேலதிகக் கேள்வி கேட்கலாம், யார் வீட்டு வேலை செய்துவிட்டு வந்தவர், யார் பேப்பரில் பெயர் வர வந்தவர் என்று அங்கேதான் தெரியும்.

27/2 என்பது பாராளுமன்ற நடைமுறை விதியான நிலையியற் கட்டளையின் இலக்கம். எதிர்க்கட்சிப் பக்கத்துக் கட்சித் தலைவர்கள் அவசரமான பொது விஷயங்களை அதன் கீழ் எழுப்புவார்கள். அப்புறம், பொது மனுக்கள் பற்றிய குழு என்று ஒன்றும் இருக்கிறது. ஒரு எம்.பி. மூலமாக யாரும் அதற்கு மனுக் கொடுக்கலாம், நம்மவர்கள் இதைப் போதிய அளவு பயன்படுத்துவதில்லை என்பது என் ஆதங்கம்.

எங்கள் ஆஸ்பத்திரியில் டொக்டர் இல்லை, வார்ட்டில் கூரை ஒழுகுகிறது. கேட்டால் "அது மாகாண சபை விடயம்" என்று பதில் வருகிறது. மாகாண சபையில் யாரிடம் கேட்பது?
– ஆசிரியை ஒருவர், லிந்துலை

கேட்க ஆளே இல்லை, அதுதான் உண்மை. மத்திய மாகாண சபையின் காலம் 2018லும் ஊவா மாகாண சபையின் காலம் 2019லும் முடிந்தன. அதற்குப் பிறகு தேர்தல் இல்லை. ஆளுநரும் அதிகாரிகளும் நடத்துகிறார்கள், எழும்பி நின்று கேள்வி கேட்க மக்கள் அனுப்பிய ஒருவரும் அந்தக் கதிரையில் இல்லை. ஆகவே "மாகாண விடயம்" என்று பாராளுமன்றத்தில் ஒரு அமைச்சர் கையை விரிப்பதை நான் ஏற்கவே மாட்டேன்.

உங்கள் இரண்டு குறையையும் பிரித்துக்கொள்ளுங்கள். பிரதேச வைத்தியசாலைக் கட்டடம் பெரும்பாலும் மாகாண சுகாதாரத் திணைக்களத்தின் கீழ் வரும். டொக்டர் நியமனம் அப்படி இல்லை, அது கொழும்பில் சுகாதார அமைச்சு செய்வது. டொக்டர் இல்லை என்று கேட்டால் சுகாதார அமைச்சர் மாகாணத்தைக் காட்டவே முடியாது. கூரைக்கு, மாகாணத்துக்குப் போகும் பணம் பாராளுமன்றம் ஒதுக்கும் பணம்தானே, அதில் இந்த ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு என்று மாகாண சபைகளுக்குப் பொறுப்பான அமைச்சரிடம் கேட்கச் சொல்லுங்கள். இரண்டையும் ஒரே கேள்வியில் போட்டால் இரண்டுமே நழுவிவிடும்.

நம்ம எம்.பி.மார் சபையில் தமிழில் பேச வேண்டுமா, சிங்களத்திலா?
– வாசகர், மஸ்கெலியா

தமிழில் பேச அரசியலமைப்பே உரிமை தந்திருக்கிறது, உரைபெயர்ப்பும் இருக்கிறது. எழுதிக் கொடுக்கும் கேள்வி தமிழில் இருக்கட்டும். அமைச்சர் மழுப்பும்போது அவர் முகத்தைப் பார்த்துச் சிங்களத்தில் மடக்கத் தெரிந்தால் அதையும் செய்யட்டும், அதற்காக ஒருவரைக் கேலி செய்வது சரியில்லை.

எங்கள் தாத்தா காலத்தில் இதையெல்லாம் யாருமே கேட்கவில்லையா?
– இளைஞர் ஒருவர், கொட்டகலை

கேட்க விடவில்லை தம்பி. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் 7 பேர் பாராளுமன்றம் போனார்கள். 1948ல் நம்மவர்களை நாடற்றவராக்கிய பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது, அடுத்த வருசம் வாக்குரிமையும் போனது, 1952 தேர்தலில் ஒருவரும் இல்லை. 1947ல் போனவர்களில் ஒருவரான தொழிற்சங்கத் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் 1960ல் நியமன உறுப்பினராகப் போனார், ஆனால் மக்கள் வாக்குப் போட்டு அவர் மறுபடியும் போனது 1977ல்தான், மூன்று பேரைத் தெரிவுசெய்யும் நுவரெலியா-மஸ்கெலியா தொகுதியிலிருந்து. நாடெங்கும் இலவசக் கல்வியும் இலவச வைத்தியமும் பரவிய வருசங்களில் நம்ம தோட்டங்களுக்காக மக்கள் வாக்கோடு சபையில் எழும்பி நிற்க ஆள் இல்லை. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் முறையாகப் பொறுப்பேற்கத் தொடங்கியதும் 1970களின் கடைசியில்தான், இந்த இரண்டும் தற்செயலாகச் சேர்ந்து வந்தவை என்று நான் நம்பவில்லை. நாடற்றவர் என்ற பெயர் முழுசாகத் துடைபட 2003 வரை ஆனது. உங்கள் தாத்தாவைக் குறை நினைக்காதீர்கள்.

உங்களுக்கு ஒரே ஒரு கேள்வி கேட்க வாய்ப்புக் கிடைத்தால் எந்த அமைச்சரிடம் என்ன கேட்பீர்கள்?
– வாசகி, ஹல்துமுல்ல

நீங்கள் எழுதியிருக்கும் ஊரைப் பார்த்ததுமே உங்கள் பக்கத்து மீரியபெத்த தோட்டம்தான் ஞாபகம் வந்தது. 2014 ஒக்டோபர் 29, காலையில் மலை இறங்கி லயன்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று முன்பே சொல்லப்பட்டிருந்தது, ஆனால் போக இடம் கொடுக்காமல் "எழும்பிப் போ" என்றால் மக்கள் எங்கே போவார்கள்? 2025 நவம்பரில் டிட்வா புயல் மழையில் மறுபடியும் கண்டி, நுவரெலியா, பதுளை மலைகள் சரிந்தன.

ஆகவே என் கேள்வி இது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அபாய இடம் என்று சொன்ன லயன்கள் எவை, அவற்றில் இன்றைக்கு இரவும் எத்தனை குடும்பங்கள் படுக்கின்றன, ஒவ்வொரு குடும்பத்துக்கும் எந்தத் தோட்டத்தில் எந்தக் காணி ஒதுக்கப்பட்டிருக்கிறது, அதைக் கம்பனியிடமிருந்து விடுவிக்கும் திகதி என்ன? வீடு கட்ட 7 பேர்ச்சஸ் காணி கொடுப்போம் என்று மேடையில் கேட்டுவிட்டோம், எனக்குத் தோட்டத்தின் பெயரும் திகதியும் வேண்டும். 2018ல் சட்டம் போட்டு உருவாக்கிய மலையகப் புதிய கிராமங்கள் அதிகார சபைக்கு இதற்காக வருசா வருசம் எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதையும் சேர்த்துக் கேட்பேன். பெருந்தோட்ட அமைச்சர், அனர்த்த முகாமைத்துவ அமைச்சர் இருவரிடமும் ஒரே நாளில் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் ஒருவர் மற்றவரைக் காட்டிவிட்டுப் போய்விடுவார்.

எம்.பி.யைப் பார்க்கவே முடிவதில்லை. நாங்களே ஏதாவது செய்யலாமா?
– வாசகர், தலவாக்கலை

செய்யலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. பிரஜை யாரும் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம், எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. பிரதேச சபையிலும் பிரதேச செயலகத்திலும் தகவல் அலுவலர் ஒருவர் இருப்பார், அவரிடம் கொடுத்துப் பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம், அதற்கு மேல் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு இருக்கிறது.

"எங்கள் ரோட்டை ஏன் போடவில்லை" என்று எழுதாதீர்கள், அதற்கு ஒரு விளக்கக் கடிதம்தான் வரும். இன்ன பாதைக்கு இன்ன வருசத்தில் எவ்வளவு ஒதுக்கினீர்கள், எத்தனை மீற்றர் கொங்கிரீட் போட்டதாகப் பணம் கட்டினீர்கள், அந்தப் பில்லின் பிரதி வேண்டும் என்று கேளுங்கள். பிறகு நாலு இளைஞர்கள் டேப் எடுத்துக்கொண்டு போய் ரோட்டை அளக்கட்டும். கணக்கு இடித்தால் இரண்டு பேப்பரையும் எம்.பி.யின் காரியாலயத்தில் கொடுங்கள். உங்கள் மாவட்டத்துக்கு 8 பேர் இருக்கிறார்கள், ஒருவர் எடுக்காவிட்டால் இன்னொருவர், எந்தக் கட்சி என்று பார்க்காதீர்கள்.

எங்கள் எம்.பி. உண்மையில் என்ன கேட்டார், அமைச்சர் என்ன சொன்னார் என்று முழுசாகப் பார்க்க வழி உண்டா?
– வாசகர், பண்டாரவளை

சபையில் பேசியதை வார்த்தைக்கு வார்த்தை பதிவுசெய்யும் ஹன்சாட்டில் இருக்கும், பாராளுமன்ற இணையத்தளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். யார் எந்த மொழியில் பேசினாரோ அந்த மொழியிலேயே அச்சாகும், ஆகவே சிங்களப் பதிலை வாசிக்கத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். திகதி தெரிந்தால் தேடுவது சுலபம், பேப்பரில் செய்தி வந்த நாளுக்கு முந்தின அமர்வைப் பாருங்கள்.