மரியாதை நிமித்தச் சந்திப்பும் அதற்குப் பின்னுள்ள சட்டப் பணியும்

அன்புள்ள அம்மா,

வட, தென் அமெரிக்க நாடுகள் சேர்ந்த கூட்டமைப்பான அமெரிக்க நாடுகள் அமைப்புக்கான தூதர் ஒருவர், பதவிக்காலம் முடிந்து ஊர் திரும்புமுன், அதன் சட்டப் பிரிவுத் தலைவரை மரியாதை நிமித்தமாகச் சந்தித்த செய்தியைப் படித்ததிலிருந்து, சட்டப் படிப்பின் மூன்றாம் ஆண்டில் இருக்கும் உங்கள் மகள் அந்தத் துறைக்கே போவேன் என்கிறாள் என்றும், கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொள்வதெல்லாம் ஒரு வேலையா என்றும் எழுதியிருந்தீர்கள்.

படத்தில் தெரிவது சடங்குதான். ஆனால் தூதரின் நாடு கையெழுத்திட்டும் இன்னும் ஏற்புறுதி அளிக்காத, அதாவது முறைப்படி ஏற்று உறுதிசெய்யாத உடன்படிக்கைகள், நிலுவையிலுள்ள வேண்டுகோள்கள், அடுத்து வரும் தூதர் தொடர வேண்டிய பணிகள் ஆகியவற்றை நினைவூட்டவும் அச்சந்திப்பு வாய்ப்பளிக்கிறது. அதற்கான குறிப்பை எழுதித் தருபவர் சட்ட அலுவலர். உங்கள் மகள் குறிவைக்க வேண்டியது அந்தப் பணியை.

லிமாவில் நடக்கும் ஒரு வணிக வழக்குக்கு சாவோ பாவ்லோவில் வசிப்பவரிடம் அழைப்பாணையைச் சேர்ப்பிக்க வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரு நாட்டு நீதிபதியின் ஆணை பிரேசிலில் செல்லாது என்பதால், 1975இல் பனாமாவில் உருவான உடன்படிக்கையின்படி, அவர் பிரேசில் நீதிமன்றத்துக்கு வேண்டுகோள் கடிதம் அனுப்புகிறார். அதனுடன் செல்லும் ஆவணங்கள் போர்த்துகீசிய மொழியில் பெயர்க்கப்பட வேண்டும். தூதரகம் வழியாகவோ, இதற்கென ஒவ்வொரு நாடும் நியமித்துள்ள மைய அமைப்பின் வழியாகவோ சென்றால் கையொப்பம் உண்மையானது என்ற சான்றுறுதி தேவையில்லை. வேறு வழியில் சென்றால் தேவைப்படலாம். சொத்து முடக்கம் போன்ற கட்டாய நடவடிக்கைகளை இந்த வழியில் கேட்க முடியாது. குற்ற வழக்குகளுக்கு 1992இல் பஹாமாஸ் நாட்டின் தலைநகர் நசாவ்வில் ஏற்கப்பட்ட வேறொரு உடன்படிக்கை உண்டு. இப்படிப்பட்ட நுணுக்கங்களில் சலிப்பில்லாமல் உழலக்கூடியவளா என்பதை அவளிடமே கேளுங்கள். அவள் மேடைப் பேச்சில் வாங்கியதாக நீங்கள் எழுதிய பரிசுகளைவிட எனக்கு அதுவே முக்கியமாகப் படுகிறது.

வரம்புகளையும் மறைக்கக் கூடாது. அந்த அமைப்பில் அமெரிக்கக் கண்டங்களின் நாடுகளே உறுப்பினர்கள். இந்தியா நிரந்தரப் பார்வையாளர் மட்டுமே. ரியோ டி ஜனீரோவில் இயங்கும் அதன் சட்டக் குழுவின் 11 உறுப்பினர்களும் உறுப்பு நாடுகளின் குடிமக்களாகத்தான் இருக்க வேண்டும். கோஸ்டா ரிக்காவின் சான் ஹோசேயில் உள்ள, அமெரிக்க நாடுகளுக்கான மனித உரிமைகள் நீதிமன்றத்தில் வெளிநாட்டு மாணவர்களும் பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் ஊதியம் கிடையாது, தங்கும் செலவு உங்களுடையது.

ஆகவே இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் சட்டம் மற்றும் உடன்படிக்கைகள் பிரிவையே முதல் இலக்காகக் கொள்ளலாம். இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே குற்ற வழக்குகளில் பரஸ்பர சட்ட உதவிக்கான உடன்படிக்கை 2005 முதல் நடைமுறையில் இருப்பதால், இதே வகைப் பணி நம் நாட்டிலும் உண்டு. சான் ஹோசே பயிற்சிக்கு உதவும் ஸ்பானிய மொழி வகுப்பில் இந்த விடுமுறையிலேயே சேர்த்துவிடுங்கள். அந்த மொழியில் ஒரு தீர்ப்பை அகராதி அதிகம் புரட்டாமல் படிக்கும் நிலை வரும்வரை, வெளிநாட்டு முதுநிலைப் படிப்புக்குக் கடன் வாங்குவதைத் தள்ளிவையுங்கள்.