கேள்வி – பதில்: மனத்துக்கு உகந்த வேலை எது?

கேள்வி: மொரீஷியஸ் தீவின் எபேனில் உள்ள ஒரு நிறுவனத்தில், பிரான்ஸ் நாட்டு வாடிக்கையாளர்களின் கணக்குகளைச் சரிபார்க்கும் வேலையில் 8 ஆண்டுகளாக இருக்கிறேன். சம்பளத்தில் குறையில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மாலையே மனம் சோர்ந்துவிடுகிறது. பள்ளி இறுதித் தேர்வு வரை தமிழ் படித்தவள் நான். தமிழாசிரியையாகிவிட்டால் மகிழ்ச்சியாக இருப்பேன் என்று தோன்றுகிறது. வீட்டுக் கடன் வேறு இருக்கிறது. இத்தனை வருட சர்வீஸை விட்டுவிட்டு வருவதா என்று அம்மா கேட்கிறார். எனக்கேற்ற வேலையை எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகி, ரோஸ் ஹில்

பதில்: அன்புச் சகோதரிக்கு, உங்கள் கடிதத்தில் இரண்டு செய்திகள் கலந்து கிடக்கின்றன. இப்போதைய வேலை பிடிக்கவில்லை என்பது ஒன்று. ஆசிரியப் பணி பிடிக்கும் என்பது மற்றொன்று. முன்னது உண்மை என்பதாலேயே பின்னதும் உண்மையாகிவிடாது.

அமெரிக்க உளவியலாளர் ஃபிரெடெரிக் ஹெர்ஸ்பெர்க், பிட்ஸ்பர்க் பகுதியில் ஏறத்தாழ 200 பொறியாளர்களிடமும் கணக்கர்களிடமும் பேசி 1959இல் வெளியிட்ட ஆய்வு உங்களுக்கு உதவக்கூடும். சம்பளம், மேலதிகாரியின் போக்கு, அலுவலக விதிமுறைகள் ஆகியவை சரியில்லாவிட்டால் வேலையில் வெறுப்பு வருகிறது; அவை சரியாக இருந்தால் வெறுப்பு நீங்குகிறதே தவிர, அதனால் மட்டும் மகிழ்ச்சி வந்துவிடுவதில்லை என்றும், மகிழ்ச்சி செய்கிற பணியிலிருந்தும் அதில் கிடைக்கும் பொறுப்பு, பாராட்டு, வளர்ச்சி ஆகியவற்றிலிருந்தும் பிறக்கிறது என்றும் அவர் கண்டார். அவருடைய ஆய்வுமுறையில் பின்வந்தவர்கள் குறை சொன்னார்கள். ஆயினும், 'சம்பளத்தில் குறையில்லை, ஆனாலும் சோர்வு' என்று நீங்கள் எழுதியிருப்பதைப் புரிந்துகொள்ள இந்தப் பாகுபாடு போதும்.

எனவே இரண்டு வாரம் ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். அன்றாடம் எந்த வேலையின்போது கடிகாரத்தைப் பார்க்க மறந்தீர்கள், எதைத் தொடும்போது கை தயங்கியது என்று மாலையில் இரண்டு வரி எழுதினால் போதும். உங்களை வாட்டுவது கணக்கா, அதைக் கொடுக்கிற மேலாளரா, நாள் முழுதும் ஒருவரோடும் பேசாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பதா என்பது அப்போது பிரிந்து தெரியும். மேலாளர்தான் காரணம் என்றால், அதற்காகத் தொழிலையே மாற்ற வேண்டியதில்லை. வேறு நிறுவனம் போதும்.

அதேபோல, ஆசிரியப் பணியில் உங்களை இழுப்பது தமிழா, கற்றுக்கொடுப்பதா, குழந்தைகளா என்றும் பிரித்துப் பாருங்கள். கற்றுக்கொடுப்பதுதான் என்றால், புதிதாகச் சேருவோருக்குப் பயிற்சி தரும் பொறுப்பை உங்கள் அலுவலகத்திலேயே கேட்டுப் பெறலாம். மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்களைக் குறித்து ஏமி ரெஸ்னியெவ்ஸ்கி, ஜேன் டட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் 2001இல் எழுதினார்கள். அப்பணியாளர்களில் சிலர் சொன்னதை மட்டும் செய்தார்கள். வேறு சிலர் நோயாளிகளோடும் அவர்களைப் பார்க்க வருவோரோடும் பேசி, தம் வேலையைத் தாமே சற்று விரித்துக்கொண்டு, அதைப் பயனுள்ளதாக உணர்ந்தார்கள். இரு சாராருக்கும் பதவியின் பெயர் ஒன்றுதான். இதைச் சொல்லி உங்களை இருக்கிற இடத்திலேயே உட்கார வைப்பது என் நோக்கமன்று. துடைப்பம் பிடிப்பவர் மனத்தைத் திருத்திக்கொள்ளட்டும் என்று சொல்லிச் சம்பளத்தை உயர்த்தாமல் விடும் முதலாளிகளுக்கு இந்த ஆய்வு மிகவும் வசதியானது என்பதையும் அறிவேன்.

தமிழ்தான் இழுக்கிறது என்றால், நம் தீவில் தமிழாசிரியரின் ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். வீட்டில் கிரியோல் என்ற உள்ளூர் மொழி பேசி வளரும் பிள்ளைகளுக்கு, லகர ளகர ழகரத்திலிருந்து தொடங்க வேண்டும். இலக்கியச் சுவையைவிட நோட்டுத் திருத்துவதும் தேர்வுக்குத் தயார்செய்வதும்தான் பெரும்பகுதி. அதுவும் பிடித்திருக்கிறதா என்பதைக் கற்பனை சொல்லாது. கோயிலை ஒட்டித் தமிழ் வகுப்பு நடக்கும் இடத்தில், பள்ளித் தவணை ஒன்று முழுவதும் வாராவாரம் கற்பித்துப் பாருங்கள். இலவசமாகக் கற்பிக்க வருபவரை எந்தக் கோயில் நிர்வாகமும் திருப்பி அனுப்பியதாக நான் கேள்விப்பட்டதில்லை. முதல் மாத உற்சாகத்தை நம்பாதீர்கள். பாதி வகுப்பு வராத மழைநாளிலும் போகத் தோன்றுகிறதா என்று பாருங்கள். கற்பிக்கும் திறமை கைவரக் கைவரத்தான் அதில் இன்பமும் கூடும் என்பதால், தொடக்கத் தடுமாற்றத்தைக் கண்டு ஒதுங்கிவிடவும் வேண்டாம்.

அதன் பிறகும் உறுதி இருந்தால், மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் தமிழ்ப் படிப்புக்கும் ஆசிரியப் பயிற்சிக்கும் உள்ள தகுதிகளை நேரில் விசாரியுங்கள். அரசுப் பள்ளிப் பணியிடங்கள் அறிவிப்பு வரும்போதுதான் நிரப்பப்படும். ஆகவே கையில் ஆணை வரும்வரை இப்போதைய வேலையை விடாதீர்கள். கடன் தவணை உங்கள் மனநிறைவுக்காகக் காத்திருக்காது.

அம்மாவின் கவலையில் ஒரு பகுதியைத் தீர்க்க முடியும். 2019ஆம் ஆண்டுத் தொழிலாளர் உரிமைச் சட்டத்தின்கீழ் ஏற்படுத்தப்பட்ட ஓய்வுக்கால பணிக்கொடை நிதி, தொழிலாளி ஒரு நிறுவனத்திலிருந்து மற்றொன்றுக்குப் போனாலும் தொடர்ந்து வருவதற்காகவே வகுக்கப்பட்டது. உங்கள் பெயரில் எவ்வளவு செலுத்தப்பட்டிருக்கிறது, அதற்கு முந்தைய ஆண்டுகள் எப்படிக் கணக்கிடப்படும், அரசுப் பணிக்கு மாறினால் அத்தொகை என்னவாகும் என்று மனிதவளப் பிரிவில் எழுத்து மூலம் கேட்டு, அந்தப் பதிலை அம்மாவிடம் காட்டுங்கள்.

கேள்வி: பட்டம் பெற்ற என் மகன், வங்கி வேலைக்கு மனுப்போடாமல், ஓட்டல் சமையலறையில் கேக், ரொட்டி செய்யக் கற்கப் போகிறேன் என்கிறான். தடுக்கலாமா?
– வாசகர், போர்ட் லூயிஸ்

பதில்: ஐயா, தடுக்க வேண்டாம். உறவினரிடம் என்ன சொல்வது என்பதுதான் உங்கள் கவலை என்றால், அது உங்கள் கவலை, மகனுடையதன்று. அவனிடம் கேட்க வேண்டியது வேறு: விடியலுக்கு முன் எழுந்து மணிக்கணக்கில் நின்று வேலை செய்யவும், ஊரே கொண்டாடும் பண்டிகை நாளில் பணியில் இருக்கவும் சம்மதமா? எபேனிலுள்ள ஓட்டல் பயிற்சிப் பள்ளியில் சேரும் முன்பு, சுற்றுலாப் பயணிகள் குவியும் டிசம்பர் மாதத்தில் ஏதாவதொரு சமையலறையில் உதவியாளனாக இருந்துவிட்டு வரட்டும். ஜனவரியில் அவன் என்ன சொல்கிறானோ, அதன்படி கட்டணத்தைக் கட்டுங்கள்.