ஏதோ ஒரு சுறா

கேள்வி: என் பையனுக்கு 4 வயசு. ஏழு மாசமா தினமும் ஃபைண்டிங் நீமோ படம் தான் வேணும்ங்கறான். வேற எது போட்டாலும் அழுகை. நான் வீட்டுல இருந்தே வேலை பாக்குறேன், சாயங்காலம் நாலரைக்கு மேல மீட்டிங் இருக்கும், அப்ப இதைப் போட்டுடுவேன். ஆனா சும்மா உக்காந்து பாக்க மாட்டான், "இப்ப பாரும்மா, இப்ப பாரும்மா"ன்னு கூப்பிட்டுட்டே இருப்பான், ஏதோ ஒரு சுறா வரும் போல, நானும் லேப்டாப்பைப் பாத்துக்கிட்டே ம்ம் ம்ம்னு சொல்லிடுவேன். இவர் ஹெட்போன் வாங்கிக் குடுத்துடலாம்ங்கறாரு. மாமியார் இது ஏதோ வியாதிங்கறாங்க. படத்தை டெலீட் பண்ணிட்டு வேற பழக்கலாமா?
- கோவை வாசகி

பதில்:

இந்தக் கேள்வி எனக்கு மாசம் ரெண்டாவது வந்துடும், படத்தோட பேரு தான் மாறும். அதனால புள்ள ஏன் ஒரே படத்தைப் பாக்குறான்ங்கறதுக்கு அப்புறம் வரேன். போற போக்குல ஒரு வரி எழுதியிருக்கீங்க பாருங்க, அது தான் ரெண்டு நாளா என் மனசை விட்டுப் போகல. "ஏதோ ஒரு சுறா வரும் போல."

ஏழு மாசம்மா! நடுவுல காய்ச்சல், ஊருக்குப் போனது, கரண்ட் இல்லாதது எல்லாம் கழிச்சுட்டாலும் நூத்தம்பது தடவைக்குக் குறையாது. நூத்தம்பது தடவை உங்க பையன் அந்தச் சுறாவைக் காட்டியிருக்கான், உங்களுக்கு அது இன்னும் ஏதோ ஒரு சுறா. அதுக்கு ஒரு பேரு இருக்கு. எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன்.

அந்தச் சீன்ல என்ன நடக்குதுன்னு மட்டும் சொல்றேன், ஏன்னா நீங்க பாத்திருக்க மாட்டீங்க. மூணு சுறா கூட்டம் போட்டு இனிமே மீனைத் தின்ன மாட்டோம்னு சத்தியம் பண்ணும். நல்லா சிரிச்சுப் பேசிட்டிருக்கும். அப்ப டோரிங்கற மீனுக்கு மூக்குல அடிபட்டு ஒரு துளி ரத்தம் தண்ணியில கலக்கும், அவ்வளவு தான், பெரிய சுறாவுக்கு அந்த வாசனை ஏறி கண்ணு கருப்பாயிடும், இவ்வளவு நேரம் நண்பனா இருந்தது துரத்த ஆரம்பிச்சுடும், கூட இருக்கிற ரெண்டும் பிடிச்சு இழுத்தாலும் நிக்காது. நாலு வயசுப் புள்ளைக்கு இதை விடப் பெரிய கேள்வி ஏதாவது இருக்காம்மா? நல்லவங்களா இருந்தவங்க திடீர்னு எப்படிக் கெட்டவங்க ஆகுறாங்க, திரும்ப நல்லவங்களா ஆவாங்களா. அவன் வீட்டுலயே அதைப் பாக்குறான்ல, சிரிச்சிட்டு இருந்த அம்மா மீட்டிங் முடிஞ்சு எந்திரிச்சு வந்ததும் ஒரு டம்ளர் கவுந்ததுக்குக் கத்துறாங்க. அதைக் கேக்க அவன்கிட்ட வார்த்தை இல்ல. சுறாவைக் காட்டி "இப்ப பாரும்மா"ங்கறான்.

இன்னொண்ணும் சொல்லிடறேன், கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்ல. அந்தப் படம் ஆரம்பிச்ச சில நிமிஷத்துலயே அம்மா மீனும் முட்டைங்களும் போயிடும், ஒரே ஒரு முட்டை தான் மிஞ்சும், அது தான் நீமோ. அம்மா இல்லாத அந்தக் குட்டி மீனை உங்க புள்ள தினமும் பாக்குறான், பாத்துட்டு அம்மான்னு கூப்பிடறான், பதிலுக்கு ஒரு ம்ம் வருது.

அந்த ம்ம் பத்திப் பேசணும். நம்ம வீடுகள்ல கதை சொல்றதுக்கு ஒரு கணக்கு இருந்துச்சு, கேக்குறவங்க உம் கொட்டணும். எங்க பாட்டி வடை சுட்ட கதையைத் தான் தினமும் சொல்லுவாங்க, நானும் அதைத் தான் கேப்பேன், காக்கா மரத்துல உக்காந்ததைச் சொல்லாம நேரா நரிக்குப் போயிட்டாங்கன்னா விட மாட்டேன், முதல்ல இருந்து சொல்லுன்னு அடம் பிடிப்பேன். நான் உம் கொட்டுறது கொஞ்சம் தேஞ்சாலும் பாட்டி கதையை நிறுத்திட்டு "தூங்கிட்டியாடி"ன்னு தொட்டுப் பாப்பாங்க. வெறும் உம்முக்கும் கேட்டுச் சொல்ற உம்முக்கும் இருக்கிற வித்தியாசம் அந்த எழுத்துப் படிப்பு இல்லாத மனுஷிக்குத் தெரிஞ்சுச்சு. உங்க புள்ளைக்கும் தெரியும். இப்ப உங்க வீட்டுல கதை சொல்றது அவன். உம் கொட்ட வேண்டியது நீங்க.

ஒரே படம் ஏன்னு கேட்டீங்க. அடுத்து என்ன வரும்னு தெரியாம இருக்கிறது பெரியவங்களுக்கு சுவாரஸ்யம், குழந்தைக்கு அடுத்தது தெரிஞ்சிருக்கிறது தான் சந்தோஷம். முதல் தடவை பயம், பத்தாவது தடவை அந்தப் பயத்தை அவன் ஜெயிச்சிருப்பான். இங்கிலாந்துல சசெக்ஸ் பல்கலைக்கழகத்துல 2011ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, 3 வயசுப் பிள்ளைங்கள்ல ஒரு பாதிக்கு ஒரே கதையைத் திரும்பத் திரும்பப் படிச்சாங்க, இன்னொரு பாதிக்கு வேற வேற கதை, ஆனா புது வார்த்தைங்க ரெண்டு பக்கமும் அதே தான், அதே எண்ணிக்கை தான். ஒரே கதை கேட்டதுங்க தான் அந்த வார்த்தைங்களை நல்லா ஞாபகம் வெச்சிருந்துச்சு. அமெரிக்காவுல நிக்கலோடியன் சேனல்ல 1996ல ப்ளூஸ் க்ளூஸ்னு ஒரு நிகழ்ச்சி ஆரம்பிச்சப்ப ஒரே எபிசோடை திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் அஞ்சு நாளும் போட்டாங்க. பிள்ளைங்க சலிக்கல. அதுல நடத்துறவர் ஒரு கேள்வி கேட்டுட்டு பதிலுக்காகக் காத்திருப்பாரு, நாள் ஆக ஆக பிள்ளைங்க பதிலை சத்தமா சொல்றது கூடிட்டே போச்சு. கவனிங்க, அந்த டிவிக்காரர் கூட பிள்ளை பதில் சொல்றதுக்கு இடம் விட்டுக் காத்திருந்தாரு.

மாமியார் சொல்ற வியாதிக்கு வரேன். பேரு சொல்லிக் கூப்பிட்டா திரும்பாத பிள்ளை, பேச்சு வராத பிள்ளை, எதையும் நம்மகிட்ட கை நீட்டிக் காட்டாத பிள்ளைன்னா ஒரு நாள் கூட தள்ளிப் போடாம குழந்தை டாக்டர்கிட்ட போகணும். உங்க பையன் நாள் பூரா காட்டிக்கிட்டே தான் இருக்கான். பாக்காம இருக்கிறது நீங்க. அப்புறம், மாமியார் கூடவே இருக்காங்களா ஊர்ல இருக்காங்களான்னு எழுதல. கூட இருந்தா வியாதி பேரு கண்டுபிடிக்கிறதை விட்டுட்டு நாலரை மணிக்கு பேரனை மடியில வெச்சு உக்காரச் சொல்லுங்க, பாட்டிங்கறது அதுக்குத் தான். உங்க வீட்டுக்காரர் லெட்டர் முழுக்க ஒரே ஒரு வரியில வராரு, அதுலயும் ஹெட்போன். அது மட்டும் வேண்டவே வேண்டாம். காதுல அதை மாட்டிட்டா அவன் கூப்பிடறது நிக்கும், வீடு அமைதியாயிடும், நீங்க ரெண்டு பேரும் நிம்மதின்னு நினைப்பீங்க.

எனக்கு அந்த நிம்மதி தெரியும். என் பொண்ணு சின்னவளா இருந்தப்ப வீட்டுல டெக் இருந்துச்சு, ஒரே கேசட்டைப் போட்டுப் போட்டுப் பாப்பா, ஒரு குறிப்பிட்ட இடத்தை ரீவைண்ட் பண்ணிப் பண்ணி அந்த இடம் வந்தாலே திரையில கோடு கோடா விழும். ஹால்ல இருந்து கூப்பிடுவா, நான் அடுப்படியில இருந்து "இதோ வரேன்டி"ம்பேன், போக மாட்டேன். ஒரு நாள் கூப்பிடறதை நிறுத்திட்டா. அப்பாடா, புள்ளைக்கு விவரம் வந்துடுச்சுன்னு நினைச்சேன். பத்தாவது படிக்கும்போது அவளுக்கு ஸ்கூல்ல ஒரு பெரிய கஷ்டம், அதை எதிர்வீட்டு அக்காகிட்ட போய்ச் சொல்லியிருக்கா, எனக்கு மூணு மாசம் கழிச்சு அந்த அக்கா மூலமாத் தான் தெரிஞ்சுது. எந்த இடத்துல கோடு விழும்னு எனக்கு இன்னைக்கும் ஞாபகம் இருக்கு. அந்த இடத்தை ஏன் அவ அத்தனை தடவை பாத்தான்னு நான் கேக்கவே இல்ல.

வேலையை விடுன்னு நான் சொல்லல, இன்னைக்கு ரெண்டு சம்பளம் இல்லாம வீட்டுக் கடனும் ஸ்கூல் ஃபீஸும் கட்ட முடியாதுன்னு தெரியும். ஆனா மீட்டிங் முடிஞ்சதுக்கு அப்புறமும் அந்த ம்ம் தானே போகுது, அப்ப கையில போன் இருக்குல்ல? பெத்தா மட்டும் போதாதும்மா, பாக்கணும்.

டெலீட் பண்ணாதீங்க, அவனோட உலகத்தை அழிக்க உங்களுக்கு உரிமை இல்ல. ஆனா நேரத்தைக் குறைங்க. 2 வயசுல இருந்து 5 வயசு வரைக்கும் நாளைக்கு 1 மணி நேரத்துக்கு மேல திரை வேண்டாம்னு நம்ம நாட்டுக் குழந்தை மருத்துவர்களோட அமைப்பான இந்தியன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ் 2021ல சொல்லியிருக்காங்க, உலக சுகாதார நிறுவனமும் அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே இதைத் தான் சொல்லிச்சு. அந்தப் படம் 100 நிமிஷம். பாதி இன்னைக்கு, பாதி நாளைக்கு. மீட்டிங் நேரத்துல வேண்டாம், மீட்டிங் முடிஞ்சதும், நீங்களோ அவரோ பக்கத்துல உக்காந்து. மீட்டிங் நேரத்துக்கு பாட்டி, பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க, ஒரு வாளித் தண்ணியும் நாலு கிண்ணமும், எதுவோ. முதல் வாரம் அழுவான், அழட்டும், நீங்க ஏழு மாசம் பழக்குனது ஒரே நாள்ல போகாது.

ராத்திரி லைட்டை அணைச்சதுக்கு அப்புறம் படத்தை அவனையே சொல்லச் சொல்லுங்க. தமிழ்ல, அவன் வார்த்தையில. போனை அடுத்த ரூம்ல வெச்சுட்டு உம் கொட்டுங்க, நடுவுல மறந்த மாதிரி எதையாவது தப்பாச் சொல்லிப் பாருங்க, எந்திரிச்சு உக்காந்து திருத்துவான்.

ஒரு மாசம் கழிச்சு எனக்கு எழுதுங்க. அந்தச் சுறாவோட பேரை முதல் வரியில போடுங்க, நெட்ல தேடாதீங்க, அவன்கிட்ட கேளுங்க.